ஆகஸ்ட் 10: இரண்டு பட்டியல்களின் கதை

1950 ஆகஸ்ட் 10. இந்தியக் குடியரசுத் தலைவர் பட்டியல் சாதிகளுக்கான அரசியலமைப்பு ஆணையை வெளியிட்ட நாள். எந்தெந்தச் சாதிகள் பட்டியலில் இடம்பெறும் என்று மாநில வாரியாகச் சொன்ன அந்த ஆணையின் மூன்றாம் பத்தி ஒரு நிபந்தனை வைத்தது. இந்து மதம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுபவர் யாரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்பதே அது. 1956இல் சீக்கிய தலித்துகள் சேர்க்கப்பட்டார்கள். 1990இல் பௌத்த தலித்துகள் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ, இஸ்லாமிய தலித்துகளுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. அதனால்தான் தலித் கிறிஸ்தவ அமைப்புகள் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன.

இதே ஆகஸ்ட் 10 கத்தோலிக்க நாட்காட்டியில் இன்னொருவரின் நாள். கி.பி. 258இல் ரோமில் கொல்லப்பட்ட திருத்தொண்டர் லாரன்ஸின் நினைவுத் திருநாள். ஆணையை எழுதிய அதிகாரிகள் திருச்சபை நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துத் தேதி குறித்திருக்க மாட்டார்கள். தற்செயலாக நேர்ந்த பொருத்தம்தான். ஆனாலும் விட்டுவிட முடியாத பொருத்தம். ஏனென்றால் லாரன்ஸின் கதையும் ஒரு பட்டியலைப் பற்றியதுதான். யார் கணக்கில் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்ற கேள்விதான் அதிலும் இருக்கிறது.

கணக்கு வைத்திருந்தவர்

முதலில் வரலாறு உறுதியாகச் சொல்வதைப் பார்ப்போம். 257இல் பேரரசர் வலேரியன் கிறிஸ்தவர்கள் கூடுவதற்கும் தங்கள் கல்லறைத் தோட்டங்களுக்குள் நுழைவதற்கும் தடை விதித்தார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது ஆணை இன்னும் கொடியது. ஆயர்கள், குருக்கள், திருத்தொண்டர்கள் உடனே கொல்லப்பட வேண்டும். கிறிஸ்தவர்களாக இருக்கும் செனட்டர்கள், உயர்குடியினர் பதவியையும் சொத்தையும் இழக்க வேண்டும். அரண்மனைப் பணியாளர்கள் விலங்கிடப்பட்டுப் பேரரசரின் பண்ணைகளுக்கு அனுப்பப்பட வேண்டும். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் எழுதிய கடிதம் ஒன்றில் இந்த விவரங்கள் இருக்கின்றன. அந்தக் கடிதத்தை எழுதிய சில வாரங்களில் அவரும் கொல்லப்பட்டார்.

ஆணையில் மதம் மட்டும் பேசவில்லை, கஜானாவும் பேசியது. எல்லையெங்கும் போர், வெள்ளி நாணயத்தில் வெள்ளியின் அளவு குறைந்துகொண்டே போன காலம். சொத்துப் பறிமுதல் அரசுக்கு வசதியாக இருந்தது.

258 ஆகஸ்ட் 6 அன்று ரோமின் ஆயர் இரண்டாம் சிக்ஸ்துஸ் கல்லறைத் தோட்டத்திலேயே பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் நான்கு திருத்தொண்டர்களும் கொல்லப்பட்டதாகச் சிப்ரியான் எழுதுகிறார். நான்கு நாள் கழித்து லாரன்ஸ். அவர் உடல் நகரத்துக்கு வெளியே திபுர்த்தீனா சாலையோரம் புதைக்கப்பட்டது. 354ஆம் ஆண்டின் ரோம் நாட்காட்டி ஒன்று இந்தத் தேதியையும் இடத்தையும் பதிவு செய்திருக்கிறது.

லாரன்ஸ் என்ன வேலை பார்த்தார்? திருத்தொண்டர் என்றதும் இன்று பீடத்தில் குருவுக்குத் துணை நிற்பவர்தான் நினைவுக்கு வருகிறார். அன்றைய ரோமில் அது நிர்வாகப் பொறுப்பு. காணிக்கையை வாங்குவது, கணக்கு எழுதுவது, யாருக்குச் சோறு, யாருக்குத் துணி என்று பார்த்துப் பங்கிடுவது எல்லாம் அவர்கள் வேலை. லாரன்ஸ் இறப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய 251இல், ரோம் ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியை வரலாற்றாசிரியர் எவுசேபியுஸ் பாதுகாத்து வைத்திருக்கிறார். ரோம் சபையில் யார் யார் இருந்தார்கள் என்று அதில் ஒரு கணக்கு வருகிறது: 46 குருக்கள், 7 திருத்தொண்டர்கள், 7 துணைத் திருத்தொண்டர்கள், 42 பீடப்பணியாளர்கள். அடுத்து பேயோட்டுவோர், வாசகர், வாயில் காப்போர் என 52 பேர். கடைசியாக, சபையின் பராமரிப்பில் 1,500க்கும் மேற்பட்ட கைம்பெண்களும் ஆதரவற்றோரும்.

இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். குடிமகன் யார், அடிமை யார், கனவான் யார் என்று ஒவ்வொருவரையும் தரம் பிரித்து வைத்த நகரம் ரோம். அந்த நகரத்தில் ஒரு சிறிய அமைப்பு தன் பதவியாளர்களை எண்ணும் அதே வரிசையில் தன் ஏழைகளையும் எண்ணியிருக்கிறது. லாரன்ஸ் கையில் இருந்தது இந்தப் பேரேடுதான்.

சொத்தைக் காட்டச் சொன்னார்கள்

இனி வருவது மரபுக் கதை. லாரன்ஸ் இறந்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்தபின் எழுத்தில் வந்தது. ரோம் நகர ஆளுநர் திருச்சபையின் செல்வத்தை ஒப்படைக்கச் சொல்கிறார். லாரன்ஸ் அவகாசம் கேட்கிறார். நகரெங்கும் அலைந்து பார்வையற்றோர், கால் ஊனமுற்றோர், புண் பிடித்தோர், கைம்பெண்கள் எல்லோரையும் கூட்டிவந்து ஆளுநர் முன் நிறுத்தி, இவர்கள்தான் திருச்சபையின் சொத்து என்கிறார். ஏமாற்றமடைந்த ஆளுநர் அவரை இரும்புக் கட்டிலில் கிடத்தி உயிரோடு வாட்டிக் கொல்கிறார்.

இரும்புக் கட்டில் நிகழ்ச்சியை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. சிக்ஸ்துஸைப் போலவே லாரன்ஸும் தலை வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. இருக்கட்டும். நமக்கு முக்கியமானது வேறு. ஒரு சமூகம் தன் வீரனைப் பற்றி எதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பியது? அற்புதத்தையோ தரிசனத்தையோ அல்ல. கணக்குக் கேட்ட அதிகாரத்திடம் மனிதர்களைக் கணக்காகக் காட்டியதைத்தான்.

இந்தக் கதையை நமக்கு எழுதி வைத்தவர்களில் ஒருவர் மிலான் ஆயர் அம்புரோஸ். ஏறக்குறைய 390இல் எழுதுகிறார். சும்மா எழுதவில்லை. போரில் பிடிபட்டவர்களை மீட்கத் திருவழிபாட்டுப் பாத்திரங்களை உருக்கிப் பணமாக்கினார் என்று அவர்மேல் குற்றச்சாட்டு இருந்தது. அதற்குப் பதில் சொல்லும் இடத்தில்தான் லாரன்ஸை அழைத்து வருகிறார். பொன் பாத்திரத்தைக் காப்பதா, உயிருள்ள மனிதரைக் காப்பதா என்பதே அவர் கேள்வி. அதாவது இந்தக் கதை ஒரு விவாதத்தில் ஆயுதமாகப் பயன்பட்டது.

கதை கைமாறியது

அம்புரோஸுக்குச் சில ஆண்டுகள் கழித்து ஸ்பெயினைச் சேர்ந்த கவிஞர் புருதென்சியுஸ் லாரன்ஸைப் பற்றி நீண்ட கவிதை எழுதினார். அதிலும் ஏழைகளின் அணிவகுப்பு உண்டு. முடிவில் லாரன்ஸின் உடலைத் தோளில் சுமந்து செல்பவர்கள் யார் தெரியுமா? செனட்டர்கள். கிறிஸ்தவம் அரண்மனைக்குள் நுழைந்துவிட்ட காலம் அது. தெருவில் இருந்தவர்களைச் சுமந்தவரை இப்போது கனவான்கள் சுமக்கிறார்கள்.

கோயில்களின் கதை அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. பேரரசர் கான்ஸ்டன்டைன் திபுர்த்தீனா சாலையில் லாரன்ஸுக்கு ஆலயம் எழுப்பினார். அவர் கொடுத்தவற்றைத் திருத்தந்தையரின் பழைய வரலாற்று நூல் ஒன்று பட்டியலிடுகிறது. கல்லறையைச் சுற்றித் தூய வெள்ளியில் கிராதி, பொன் விளக்கு, வருமானம் தரும் நிலங்கள். அந்த நிலங்களில் ஒன்று, துன்புறுத்தல் காலத்தில் அரசு பறித்துக்கொண்ட சிரியாக்கா என்ற பெண்ணின் நிலம் என்றும் அந்நூல் சொல்கிறது. பறிக்கப்பட்டது திரும்பி வந்தது நியாயம்தான். ஆனால் திருச்சபையின் சொத்து எது என்று கேட்டால் மனிதர்களைக் காட்டியவரின் கல்லறைமேல் வெள்ளியும் பொன்னும் ஏறிக்கொண்டன.

பிளாரன்ஸ் நகரத்தின் புனித லாரன்ஸ் ஆலயத்தை 393இல் அர்ச்சித்தவர் அதே அம்புரோஸ்தான். ஆயிரம் ஆண்டு கழித்து அது வட்டித் தொழிலில் கொழித்த மெடிசி வங்கிக் குடும்பத்தின் ஆலயமாக மாறியது. புருனெல்லெஸ்கி அதைப் புதிதாக வடிவமைத்தார். மைக்கேலாஞ்சலோ மெடிசிகளின் கல்லறை மண்டபத்தைச் செதுக்கினார். 1464இல் இறந்த கோசிமோ மெடிசியின் கல்லறை பீடத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. 1604இல் தொடங்கிய இளவரசர் மண்டபத்தின் சுவரெல்லாம் விலையுயர்ந்த கல். வேடிக்கை என்னவென்றால், ஆலயத்தின் முகப்பு மட்டும் இன்றுவரை கட்டி முடிக்கப்படாமல் வெறும் கல்லும் செங்கல்லுமாக நிற்கிறது. வெளியிலிருந்து வருபவருக்கான முகம் மிச்சமிருக்க, உள்ளே கிடப்பவர்களுக்கான அலங்காரம் முடிந்துவிட்டது.

ஸ்பெயினுக்குப் போவோம். 1557 ஆகஸ்ட் 10, லாரன்ஸ் திருநாளன்று, பிரான்சின் சேன் கான்தேன் நகரருகே நடந்த போரில் மன்னர் இரண்டாம் பிலிப்பின் படை வென்றது. நன்றிக் கடனாக 1563இல் தொடங்கி 1584இல் முடித்த மாபெரும் கட்டடம்தான் எஸ்கோரியல். அரண்மனை, மடம், நூலகம், அரசர்களின் புதைகுழி எல்லாம் ஒரே வளாகத்தில். அதன் தரைப்படம் லாரன்ஸை வாட்டிய இரும்புக் கட்டிலின் வடிவம் என்பது மரபு. அந்தக் கற்கள் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த பொத்தோசி மலையின் வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பழங்குடி ஆண்கள் முறை வைத்துக் கட்டாய உழைப்புக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அன்றைய ஸ்பெயினில் இரத்தத் தூய்மைச் சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. யூதரோ இஸ்லாமியரோ முன்னோராக இருந்தால், எத்தனை தலைமுறையாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தாலும், பல சபைகளிலும் பதவிகளிலும் இடம் கிடையாது. தொலேதோ பேராலயம் 1547இல் இந்த விதியைக் கொண்டு வந்தது. பின்னர் பிலிப் மன்னரும் அதற்கு ஒப்புதல் தந்தார். எஸ்கோரியல் யாரிடம் ஒப்படைக்கப்பட்டதோ அந்த ஜெரோமியார் சபையிலும் 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்த விதி வந்துவிட்டது. சபையில் சேர வருபவரின் வம்சாவளியைத் தோண்டிப் பார்த்தார்கள். கைம்பெண்களின் பெயர்களைப் பேரேட்டில் எழுதிய லாரன்ஸின் பெயரால் எழுந்த வளாகத்தில், பாட்டன் பூட்டன் பெயரைக் கேட்டு ஆளை விலக்கிய பேரேடு.

சாதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'காஸ்ட்' என்பதன் வேர் போர்த்துக்கீசியரின் 'காஸ்டா'. தங்கள் ஊரில் இனத்துக்கும் வம்சத்துக்கும் புழங்கிய சொல்லை நம் கரையில் கண்டதற்கும் அவர்கள் சூட்டினார்கள். மதம் மாறினாலும் இரத்தம் மாறாது என்று தங்கள் ஊரிலேயே நம்பியவர்கள், இங்கே மதம் மாறியும் சாதி மாறாததைக் கண்டு அதிர்ச்சியடையாததில் வியப்பில்லை. இன்றும் கோவா, மங்களூர் கத்தோலிக்கர்களிடையே பிராமணரிலிருந்து மாறியவர், சத்திரியரிலிருந்து மாறியவர், சூத்திரரிலிருந்து மாறியவர் என்ற அடுக்கு புழக்கத்தில் இருக்கிறது. அந்தக் கரையோரத்திலேயே, கர்நாடகத்தின் கார்க்களா அருகே அத்தூரில், லாரன்ஸுக்குப் புகழ்பெற்ற ஆலயம் உண்டு. ஜனவரித் திருவிழாவுக்கு எல்லா மதத்தவரும் திரளாக வருவார்கள். 2016இல் அதற்குப் பசிலிக்கா தகுதி கிடைத்தது. திருவிழாக் கூட்டத்தில் யாரும் சாதி கேட்பதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். திருவிழா முடிந்தபின் பெண் கேட்டுப் போகும்போது என்ன கேட்கிறார்கள் என்பதுதான் சமூகவியல் கேட்கும் கேள்வி.

லாரன்ஸ் பெயரில் ஒரு தொழிலாளர் பேட்டை

கதை மொத்தமாகக் கைமாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. ரோமில் லாரன்ஸ் புதைக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு குடியிருப்பு உருவானது. ரயில்வேத் தொழிலாளர்கள், கட்டடத் தொழிலாளர்கள், பிழைப்புத் தேடி வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த சான் லோரென்சோ பேட்டை. 1907 ஜனவரி 6 அன்று மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது இங்கேதான். பெற்றோர் வேலைக்குப் போய்விட, படிக்கட்டுகளில் சுற்றித் திரிந்த குழந்தைகளுக்காக அது தொடங்கப்பட்டது. இன்று நம் ஊர்களில் அதே மாண்டிசோரி பெயரில் யார் பிள்ளைகள் படிக்கிறார்கள், எவ்வளவு கட்டணம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். முசோலினியின் ஆட்கள் 1922இல் ரோமுக்குள் நுழைந்தபோது எதிர்த்து நின்ற பகுதிகளில் இந்தப் பேட்டையும் ஒன்று.

1943 ஜூலை 19 அன்று நேச நாட்டு விமானங்கள் அருகிலிருந்த சரக்கு ரயில் நிலையத்தைக் குறிவைத்துக் குண்டு வீசின. பேட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லாரன்ஸின் பழைய ஆலயமும் முகப்போடு இடிந்தது. போருக்குப் பின் ஆலயத்தை மீண்டும் கட்டினார்கள். எஸ்கோரியலையும் பிளாரன்ஸையும் பார்க்க உலகம் வரிசையில் நிற்கிறது. லாரன்ஸின் பெயருக்குப் பொருத்தமான இடம் எது என்று என்னைக் கேட்டால் இந்தப் பேட்டையைத்தான் சொல்வேன்.

சொத்தும் சொந்தக்காரரும்

இப்போது நம் பட்டியலுக்கு வருவோம்.

1950 ஆணையின் மூன்றாம் பத்தியால் என்ன இழப்பு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித்துகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பட்டியல் சாதி இடஒதுக்கீடு கிடையாது. தனித் தொகுதியில் போட்டியிட முடியாது. சாதியைச் சொல்லி அடித்தாலும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடையாது. அடிப்பவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை. சட்டம் மட்டும் அதைப் பார்க்கிறது.

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவரின் வழக்கை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. சூசையும் ஆதிதிராவிடர், அதே தொழில், அதே தெரு. கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கடை இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, சாதியால் வரும் ஒடுக்குமுறை அதே கடுமையோடு தொடர்கிறது என்றும் நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி 1985இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. மூன்றாம் பத்தியை நீக்கலாம் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைத்தார்கள்.

அரசை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் சாதிக்கு ஒரு பக்கமாக, ஒருவர் கண்ணில் ஒருவர் படாதபடி கவட்டை வடிவில் ஆலயம் கட்டினார்கள். திருச்சிக் கல்லறைத் தோட்டத்தில் சடலங்களுக்கு நடுவே சுவர் நின்றது. எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமையும் தனிப் பங்கும் கேட்டதற்காக 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. அந்தக் கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள்.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டது. இந்தியாவின் சுமார் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று அதுவே சொல்கிறது. தீண்டாமை உள்ளேயும் இருக்கிறது, தலைமைப் பொறுப்பில் தலித்துகள் மிகக் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறது. இந்தியாவிலிருந்து ஒரு தலித் கர்தினாலாக 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் லாரன்ஸ் கதையை விமர்சனத்தோடு படிக்க வேண்டியிருக்கிறது. ஆளுநர் முன் நிறுத்தப்பட்ட அந்த ஏழைகளில் ஒருவர் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. அவர்கள் கதையில் வாய் திறக்கவே இல்லை. பேசியவர் லாரன்ஸ், கேட்டவர் ஆளுநர். அவர்கள் காட்டப்பட்டார்கள், அவ்வளவுதான். ஏழைகளே எங்கள் சொத்து என்று மறையுரையில் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் சொத்தாக இருப்பது வேறு, சொந்தக்காரராக இருப்பது வேறு. சொத்தைப் பெட்டியில் வைக்கலாம், வெளிநாட்டு விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டலாம், திட்ட அறிக்கையில் புகைப்படமாக ஒட்டலாம். சொந்தக்காரர் கணக்குக் கேட்பார்.

ஆகவே தோழர்களே, ஆகஸ்ட் 10 அன்று இரண்டு கணக்கைக் கேளுங்கள். அரசிடம்: மதத்தைக் காரணம் காட்டி எங்களை நீக்கிய மூன்றாம் பத்தியை எப்போது நீக்கப் போகிறீர்கள்? திருச்சபையிடம்: உங்கள் பள்ளிகளில், கல்லூரிகளில், குருமடங்களில், ஆயர் இல்லங்களில் எங்கள் பங்கு எத்தனை? கோஷத்தோடு நிறுத்திவிடாமல் எண்களாக வாங்குங்கள். உங்கள் பங்கின் மேய்ப்புப் பணிக் குழுவில் எத்தனை பேர், தேர் எந்தத் தெரு வரை வருகிறது, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை, மறைமாவட்டக் கல்லூரியில் எத்தனை தலித் ஆசிரியர்கள் என்று ஊர் ஊராக எழுதுங்கள். கொர்னேலியுஸ் கடிதம் 1,500 என்ற எண்ணைச் சொல்லியிருக்காவிட்டால் லாரன்ஸ் கதையில் வரும் ஏழைகள் வெறும் கற்பனை என்று யாரும் தள்ளிவிட்டிருக்கலாம். அந்த ஓர் எண்தான் 1,770 ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களுக்குச் சாட்சியாக நிற்கிறது.

இந்த முறை பேரேட்டை நாமே எழுதுவோம், பெயரோடு.